இசைக் கல்லூரிச் சேர்க்கை: எதைப் பாடுவது, எப்படித் தயாராவது?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். சிறு வயதிலிருந்து எங்கள் ஊர் ஆசிரியையிடம் வாய்ப்பாட்டு கற்று வருகிறேன். இசையில் பட்டப்படிப்பு சேர விண்ணப்பிக்கிறேன். சேர்க்கைக்கு முன் தேர்வுக் குழுவின் எதிரே பாடிக் காட்ட வேண்டுமாம். பைரவி அட தாள வர்ணத்தையும், காம்போஜி ராகத்தில் ‘காணக் கண் கோடி வேண்டும்’ கீர்த்தனையை ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடும் பாடலாம் என்பது என் எண்ணம். ஆசிரியையோ மோகன வர்ணமும் ஒரு சின்னக் கீர்த்தனையும் போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் ஆசிரியை சொல்வதைக் கேளுங்கள். குழுவில் இருப்பவர்கள் அன்று கச்சேரி கேட்க வரவில்லை. மூன்று ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பெண் எவ்வளவு தூரம் வருவாள் என்று கணிப்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே வரிசையில் இன்னும் பலர் காத்திருக்க, உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்குள் காம்போஜியை விரித்து நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) வரைக்கும் போவது நடக்காத காரியம்; ஆலாபனை பாதியில் இருக்கும்போதே ‘போதும் அம்மா, ஸ்வரம் பாடுங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள், உங்கள் மனமும் அங்கேயே கலைந்துவிடும்.

நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு உருப்படிகளும் (பாடல்களும்) குறையை ஒளிக்க இடம் தராதவை. பச்சிமிரியம் ஆதியப்பய்யா இயற்றிய ‘விரிபோணி’ என்ற அந்த பைரவி வர்ணம் பதினான்கு அட்சர (எண்ணிக்கை) அட தாளத்தில் அமைந்தது. பைரவியில் ஏறும்போது சதுச்ருதி தைவதமும் (உயர்ந்த ‘த’) இறங்கும்போது சுத்த தைவதமும் (தாழ்ந்த ‘த’) வருவதால், இரண்டாம் காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்) கை தாளத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் வேளையில் தொண்டை இந்த இரண்டையும் குழப்பிவிடும். கேட்கும் காதுகள் முதலில் போய் நிற்பது அந்த தைவதத்தில்தான். காம்போஜியிலும் அப்படித்தான்: கைசிகி நிஷாதம் (தாழ்ந்த ‘நி’) உரிய அந்த ராகத்தில், ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடியில் (ஸ்வரத் தொடரில்) மட்டும் காகலி நிஷாதம் (உயர்ந்த ‘நி’) எட்டிப் பார்க்கும். அது இயல்பாக விழாவிட்டால், நீங்கள் எத்தனை நிமிடம் ஆலாபனை செய்தாலும் ராகம் இன்னும் வசப்படவில்லை என்பது தெரிந்துவிடும். பதினேழு வயதில் இவை வசப்படாமல் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அவற்றைத்தான் கல்லூரியில் கற்கப் போகிறீர்கள்.

மோகன வர்ணம் எளிது என்று எண்ணிவிடவும் வேண்டாம். ராமநாதபுரம் ‘பூச்சி’ ஸ்ரீநிவாஸ ஐயங்காரின் ‘நின்னுகோரி’யில் ஐந்து ஸ்வரங்கள்தான் என்பதால், காந்தாரம் (‘க’) ஒரு மயிரிழை இறங்கினாலும் பளிச்சென்று தெரியும். குழு அதை இரண்டு காலத்திலும் கேட்கக்கூடும். இங்கேதான் நன்றாகப் பாடும் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்: பதற்றத்தில் முதல் காலத்தையே விறுவிறுப்பாக எடுத்துவிட்டு, இரண்டாம் காலத்தில் எழுத்துகளை விழுங்குகிறார்கள், அல்லது இரண்டாம் காலம் தொடங்கியதும் கைத்தாளமே வேகமாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தொடங்குவதற்கு முன், கடைசி எத்துக்கடை ஸ்வரத்தில் (வர்ணத்தின் பிற்பகுதியில் வரும் ஸ்வரக் கோவை) ஒரு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) இரண்டாம் காலத்தில் மனத்துக்குள் பாடிப் பாருங்கள். அது தெளிவாக ஓடும் தாள வேகம் எதுவோ, அதே வேகத்தில் கையைப் போட்டு முதல் காலத்தை எடுங்கள். ஆரம்பம் உங்களுக்கே கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். கேட்பவர்களுக்கு அது நிதானமாகவே படும்.

கீர்த்தனைக்கு, கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ போன்ற ஒன்றை யோசிக்கலாம். ஆபோகி, ரூபக தாளம். தமிழ்ச் சாகித்தியம் ஆகையால் பதம் பிரிப்பதிலும் பொருள் சொல்வதிலும் தடுமாற்றம் இருக்காது. தெலுங்கிலோ வடமொழியிலோ பாடுவதானால், பல்லவியின் பொருளையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். ‘என்ன பாடினீர்கள் என்று சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு மௌனமாக நின்ற நல்ல குரல்களை நான் கண்டிருக்கிறேன். பாடிய ராகத்தைப் பற்றியே கேள்விகளும் பிறக்கும். ஆபோகி எந்த மேளத்தின் (தாய் ராகத்தின்) ஜன்யம், அதாவது எதிலிருந்து பிறந்தது என்றால் 22ஆவது மேளமாகிய கரகரப்பிரியா என்றும், பஞ்சமமும் நிஷாதமும் வர்ஜம் (வராதவை) என்றும் சொல்வீர்கள். உடனே ‘நிஷாதத்தைச் சேர்த்தால்?’ என்று அடுத்த கேள்வி வரலாம். ஸ்ரீரஞ்சனி என்று வாயால் சொல்வதைவிட, இரண்டு ராகத்தையும் ஒவ்வொரு வரி பாடிக் காட்டினால் மதிப்பே வேறு.

கற்பனை ஸ்வரம் கேட்டால் ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்கும் சின்ன ஸ்வரங்களைப் பாடி எடுப்பில் (பாட்டின் வரி தொடங்கும் இடத்தில்) சரியாக வந்து சேருங்கள். உருப்போட்ட கோர்வையை (கணக்கோடு முன்பே அமைத்த ஸ்வரத் தொடரை) வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், குழுவில் ஒருவர் எடுப்பை வேறு இடத்துக்கு மாற்றிப் பாடச் சொல்வார்; சாயம் வெளுத்துவிடும்.

உண்மையில் தேர்வின் கனமான பகுதி உங்கள் உருப்படிகள் முடிந்த பிறகுதான் வருகிறது என்பேன். தேர்வாளர் ஒரு பிடியை அகாரமாக (‘ஆ’ என்று மட்டும்) பாடுவார், நீங்கள் திருப்பிப் பாட வேண்டும். பிறகு அதற்கு ஸ்வரம் சொல்லச் சொல்வார். அல்லது ஆரம்பப் பாடங்களான சரளி வரிசையையோ ஜண்டை வரிசையையோ, வழக்கமான மாயாமாளவகௌளையை விட்டு, கல்யாணியிலோ சங்கராபரணத்திலோ மூன்று காலமும் பாடச் சொல்வார். அலங்காரத்தில் ஜம்பை தாளத்தைப் போட்டுக் காட்டச் சொன்னால், லகுவின் (விரல் எண்ணும் பகுதியின்) எண்ணிக்கை முடிந்து அனுதிருதம் (ஒற்றைத் தட்டு) எங்கே வருகிறது என்று கை தயங்காமல் காட்ட வேண்டும். கீர்த்தனைகள் சேரச் சேர இந்த ஆரம்பப் பாடங்களை நாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். இனி தேர்வு நாள் வரை, காலைச் சாதகத்தில் பாதி நேரத்தை அவற்றுக்கே கொடுங்கள். பாதி ஆவர்த்தன அளவுள்ள பிடிகளை ஆசிரியை பாட, நீங்கள் திருப்பிப் பாடும் பயிற்சியும் தினமும் நடக்கட்டும்.

ஒலிபெருக்கி இருக்காது என்று எண்ணிக்கொண்டே பழகுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் பத்தடி தூரத்தில் இருப்பவருக்குச் சொல் கேட்க வேண்டும். உங்கள் கட்டை (சுருதி அளவு) எது என்று கேட்டால் ‘ஐந்தரை’ என்பதுபோலத் தயங்காமல் சொல்லி, சுருதிப் பெட்டியை நீங்களே கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகன் சிறுவனாக இருந்தபோது ஐந்து கட்டையில் கணீரென்று பாடுவான். குரல் உடைந்த பிறகு ஒரு கட்டையில்தான் பாட முடிகிறது. இரண்டு கட்டைக்கு ஏற்றிப் பாடினால்தான் தேர்வில் எடுபடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு கட்டை ஆண் குரலுக்கு மிக இயல்பான சுருதி. சுருதி தாழ்ந்திருக்கிறது என்பதற்காக மதிப்பெண் குறைக்கும் குழு எதையும் நான் கண்டதில்லை. தார காந்தாரத்தில் (மேல் ஸ்தாயி ‘க’) கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதைக் கண்டால் எல்லோருமே முகம் சுளிப்பார்கள். மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) கேட்கும்படி ஒலிக்க வேண்டும், மேலே தார காந்தாரத்தைத் தொட்டு நிற்க முடிய வேண்டும். இவை இரண்டும் எந்தச் சுருதியில் சிரமமின்றி வருகின்றனவோ, அதுவே அவனுடைய சுருதி. அது முக்கால் கட்டையானாலும் பாதகமில்லை. விடியற்காலையில் மந்தர ஸ்தாயி சாதகம் செய்யட்டும், மேலே போவது தானாக வரும்.

இன்னொன்று. அவன் கைபேசிச் செயலியில் தம்புரா வைத்துப் பாடுகிறானா என்று பாருங்கள். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் ஒரு கட்டையின் கீழ் ஷட்ஜம் (‘ஸ’) முழுமையாக ஒலிக்காது. மேலே கேட்கும் மெல்லிய ஒலியை ஆதாரமாகக் கொண்டு பாடும் ஆண் பிள்ளைகளின் சுருதி சேராமல் போக அதுவும் ஒரு காரணம். தனி ஒலிபெருக்கியோடு இணையுங்கள், அல்லது மின்தம்புரா வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கெல்லாம் இசை படிக்கலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை உண்டு. சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பெண்கள் படிக்கலாம். எல்லாப் படிப்பும் பட்டப்படிப்பு அல்ல, பட்டயப் படிப்புகளும் இருக்கின்றன. மேலே எம்.ஏ. படிக்கவோ ஆசிரியர் வேலைக்குப் போகவோ எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் படிப்பு எந்த வகை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோஹாவில் வளர்ந்தவள். சென்னையில் இருக்கும் குருவிடம் இணையவழியாகவே கற்றேன். நேரில் பாடம் கேட்காதவள் என்பதால் சேர்க்கைத் தேர்வில் பின்தங்கிவிடுவேனா?
– வாசகி

பதில்: கற்ற வழியை வைத்து யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வழி சில பழக்கங்களை விட்டுச் செல்லும், அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இணைய அழைப்பில் ஒலி கொஞ்சம் பிந்தியே வருவதால் குருவும் நீங்களும் சேர்ந்து பாடியிருக்க முடியாது. அவர் பாட, நீங்கள் கேட்டுத் தனியே பாடியிருப்பீர்கள். இன்னொருவர் போடும் தாளத்துக்குப் பாடிப் பழகாததால், தேர்வாளர் தாமே தாளம் போடத் தொடங்கினால் நிலை தடுமாறும். அங்கேயே மிருதங்கம் கற்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரத்தில் இரண்டு நாளாவது அவரோடு உட்கார்ந்து வர்ணம் பாடுங்கள்.

அதைவிட முக்கியமானது சுருதி. ஜூம் போன்ற செயலிகள் இடைவிடாமல் ஒலிக்கும் ஓசையை இரைச்சலாகக் கருதி வடிகட்டிவிடும். தம்புராவும் அப்படி ஒலிக்கும் ஓசைதான். எனவே உங்கள் குரலைத் தம்புராவோடு சேர்த்து உங்கள் குரு தெளிவாகக் கேட்டிருக்கவே மாட்டார். செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தோடு, தம்புரா நன்றாகக் கேட்கும்படி ஒரு வர்ணத்தைத் தனியே ஒலிப்பதிவு செய்து அவருக்கு அனுப்பி, சுருதி எங்கே விலகுகிறது என்பதை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். முடிந்தால் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே சென்னைக்கு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து பாடம் கேளுங்கள்.