கேள்வி–பதில்: லுவாவிடம் சி++ ஆப்ஜெக்டைக் கொடுக்கும்போது

சி++ புரோகிராமுக்குள் லுவா என்னும் சிறிய ஸ்கிரிப்ட் மொழியைப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். பதில்கள் லுவா 5.4-க்கானவை.

கேள்வி: என் விளையாட்டில் எதிரிகளின் பாயின்டரை லைட் யூசர்டேட்டாவாக லுவாவுக்குக் கொடுக்கிறேன். எதிரி செத்த பிறகு ஸ்கிரிப்ட் அதைத் தொட்டால் சில நேரம் க்ராஷ் ஆகிறது, சில நேரம் ஒன்றுமே ஆகாமல் ஓடுகிறது. ஏன்?

ஒன்றும் ஆகாமல் ஓடுகிறதே, அதுதான் இரண்டில் ஆபத்தானது. டிலீட் செய்த மெமரியில் பழைய மதிப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதே அளவுள்ள புது எதிரி பிறந்தால் பல நேரம் அதே முகவரியில்தான் வந்து உட்காரும். செத்தவனுக்கு விழ வேண்டிய அடி, புதிதாக வந்தவன் மேல் விழும். அட்ரஸ் சானிடைசரை (மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கம்பைலர் வசதி) இயக்கி ஒருமுறை கம்பைல் செய்து ஓட்டுங்கள். தப்பான வரி எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

யூசர்டேட்டா என்பது சி++ தரவை லுவா தன் மெமரியில் வைத்துக்கொள்ளும் பெட்டி; லைட் யூசர்டேட்டா வெறும் முகவரி. அதற்குத் தனித்தனி மெட்டாடேபிள் (ஒரு மதிப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் டேபிள்) கிடையாது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். கதவின் பாயின்டரை எதிரி கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலும் தடுக்க ஆளில்லை.

புரோகிராம் எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது: ஆப்ஜெக்டை அழிக்கும் உரிமை யாருக்கு? எதிரியைப் பிறப்பிப்பதும் கொல்வதும் உங்கள் எஞ்சின் என்றால், லுவாவுக்குப் பாயின்டரே போகக் கூடாது. ஹேண்டில் (ஆப்ஜெக்டைக் குறிக்கும் எண்) போதும்: 32 பிட்டில் இட எண், 32 பிட்டில் தலைமுறை எண், ஆக 8 பைட். எஞ்சின் எதிரிகளை ஓர் அர்ரேயில் வைத்திருக்கட்டும். ஒருவன் செத்ததும் அந்த இடத்தின் தலைமுறை எண்ணை ஒன்று கூட்டுங்கள்.

லுவா பக்கம், 'லுவாஎல்_நியூமெட்டாடேபிள்' கொண்டு எதிரிக்கென ஒரு மெட்டாடேபிள் உருவாக்கி, அதன் '__இன்டெக்ஸ்' அதையே சுட்டும்படி வையுங்கள். இந்த ஒரு வரியை மறந்தால் மெத்தட்கள் எல்லாம் சரியாக இருந்தும், யூசர்டேட்டாவை இன்டெக்ஸ் செய்ய முடியாது என்ற பிழைதான் வரும். பிறகு 'லுவா_நியூயூசர்டேட்டாயுவி'யில் 8 பைட் எடுத்து, ஹேண்டிலை எழுதி, மெட்டாடேபிளை மாட்டுங்கள். ஒவ்வொரு மெத்தடின் முதல் வேலையும், வந்தது எதிரிதானா என்று பார்க்கும் 'லுவாஎல்_செக்யூடேட்டா'; அடுத்து தலைமுறை எண் பொருந்துகிறதா என்ற சோதனை. பொருந்தாவிட்டால் 'லுவாஎல்_எரர்'. க்ராஷ் ஆகவேண்டிய இடத்தில் ஸ்கிரிப்டின் வரி எண்ணோடு பிழைச்செய்தி கிடைக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர் 'எதிரி:அடி(10)' என்பதற்குப் பதில் 'எதிரி.அடி(10)' என்று புள்ளி வைத்துவிடுவது தினசரி நடப்பது. அப்போது முதல் ஆர்க்யூமென்ட் எதிரி அல்ல, 10. செக்யூடேட்டா இருந்தால் அங்கேயே பிடிபடும். இல்லாவிட்டால் கைக்கு வருவது நல் பாயின்டர் (எதையும் சுட்டாதது), அதைத் தொட்டால் க்ராஷ்.

கேள்வி: ஒரே எதிரியை இரண்டு முறை லுவாவுக்கு அனுப்பினால், இரண்டும் சமமில்லை என்கிறதே?

ஒவ்வொரு முறையும் புது யூசர்டேட்டா உருவாக்குகிறீர்கள். '__ஈக்யூ' எழுதினால் ஒப்பீடு சரியாகும். ஆனால் டேபிளில் சாவியாக வைக்கும்போது லுவா '__ஈக்யூ'வைக் கேட்பதே இல்லை. சேதத்தை எதிரிவாரியாகக் கணக்கு வைக்கும் ஸ்கிரிப்ட் அங்கே உடையும். ஆகவே ரெஜிஸ்ட்ரியில் (சி++ பக்கத்தின் உபயோகத்துக்கு லுவா வைத்திருக்கும் டேபிள்) ஒரு கேஷ் டேபிள் வையுங்கள். '__மோட்' மதிப்பு 'வி', அதாவது மதிப்புகள் மட்டும் வீக்: வேறு யாரும் பிடித்திராவிட்டால் லுவா அவற்றைச் சேகரித்துவிடும். சாவி, ஹேண்டிலின் 64 பிட் முழு எண். அனுப்பும் முன் அங்கே தேடி, இல்லையென்றால் மட்டும் உருவாக்குங்கள்.

சாவியாகப் பாயின்டரை வைத்து, '__ஜிசி'யில் (யூசர்டேட்டா சேகரிக்கப்படும்போது லுவா ஓட்டும் ஃபைனலைசர்) டிலீட்டும் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபைனலைசர் ஓடும் முன்பே வீக் மதிப்பு டேபிளிலிருந்து நீக்கப்பட்டுவிடும். அந்த இடைவெளியில் அதே பாயின்டரை அனுப்பினால் புது யூசர்டேட்டா பிறக்கும். பிறகு பழையதன் '__ஜிசி' ஓடி, புதியதன் கையில் இருப்பதை அழித்துவிடும். எப்போதோ ஒருமுறை மட்டும் வரும் இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. லுவா உரிமை கொண்டாடும் ஆப்ஜெக்ட் என்றால் யூசர்டேட்டாவுக்குள் ஷேர்டு பாயின்டரை (கடைசி உரிமையாளர் போனதும் ஆப்ஜெக்டைத் தானே அழிப்பது) வையுங்கள், எஞ்சின் பக்கமும் ஒரு ஷேர்டு பாயின்டர் இருக்கட்டும்.

கேள்வி: தப்பான ஆர்க்யூமென்ட் வரும்போதெல்லாம் மெமரி கசிகிறது. என் ஃபங்ஷனில் நியூ எதுவும் இல்லை. ஸ்ட்ரிங், வெக்டர் மட்டும்தான்.

அவைதான் கசிகின்றன. சி மொழியாகக் கம்பைல் செய்த லுவா, பிழை வந்தால் லாங்ஜம்ப் செய்து, இடையிலுள்ள ஃபங்ஷன்களைத் தாண்டிக் குதித்து வெளியேறும். வழியில் இருக்கும், மெமரியை விடுவிக்க வேண்டிய சி++ டிஸ்ட்ரக்டர்கள் ஓடும் என்று நம்ப முடியாது. ஆர்க்யூமென்ட் சோதனைகள் எல்லாவற்றையும் ஃபங்ஷனின் தலையில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகே ஸ்ட்ரிங்கை அறிவியுங்கள். ஸ்ட்ரிங் உயிரோடு இருக்கையில் பிழை எழுப்பக்கூடிய லுவா ஃபங்ஷனை அழைக்காதீர்கள். மெமரி தீர்ந்தால் 'லுவா_புஷ்ஸ்ட்ரிங்' கூடப் பிழை எழுப்பும் என்பதால் இதை முழுமையாகக் கடைப்பிடிப்பது கடினம். லுவாவின் மூலக்கோப்புகளைச் சி++ ஆகவே கம்பைல் செய்வது நல்ல வழி. அப்போது பிழைகள் எக்செப்ஷனாக வரும், டிஸ்ட்ரக்டர்களும் ஓடும். ஆனால் எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் எழுதினால் லுவாவின் பிழையும் அதில் மாட்டும், அதை விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: படங்களை லுவா வழியே ஏற்றுகிறேன். யாரும் பயன்படுத்தாத படங்களும் மெமரியிலேயே கிடக்கின்றன.

4096 × 4096 படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி. ஆனால் லுவா கணக்கில் அது 8 பைட் பாயின்டர் கொண்ட சின்ன யூசர்டேட்டா. வழக்கமான அமைப்பில், தன் கணக்கிலுள்ள மெமரி ஏறக்குறைய இரட்டிப்பாகும் வரை லுவா அடுத்த குப்பைச் சேகரிப்புச் சுற்றைத் தொடங்காது. ஸ்கிரிப்டிலிருந்தே விடுவிக்க ஒரு 'மூடு' மெத்தட் கொடுங்கள். விடுவித்ததும் பாயின்டரை நல் ஆக்குங்கள், '__ஜிசி' அதைச் சோதித்துவிட்டு வேலை செய்யட்டும். இல்லையேல் ஒரே படம் இரண்டு முறை விடுவிக்கப்படும். அதே ஃபங்ஷனை '__குளோஸ்' ஆகவும் வைத்தால் 5.4-ன் குளோஸ் மாறிகளிலும் (பிளாக் முடிந்ததும் தானே மூடப்படுபவை) பயன்படும்.

கேள்வி: பட்டன் அழுத்தும்போது ஓட வேண்டிய லுவா ஃபங்ஷனைச் சி++ பக்கம் சேமித்து வைக்கிறேன். கொரூட்டினிலிருந்து (நடுவில் நிறுத்தித் தொடரக்கூடிய லுவா ஓட்டம்) பதிவு செய்தால் மட்டும் பின்னால் க்ராஷ் ஆகிறது.

'லுவாஎல்_ரெஃப்' தந்த எண்ணோடு (ஃபங்ஷன் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் இடம்), அப்போது கைக்கு வந்த லுவா ஸ்டேட் பாயின்டரையும் சேமித்திருப்பீர்கள். அது கொரூட்டினின் ஸ்டேட். கொரூட்டின் குப்பையாகச் சேகரிக்கப்பட்டதும் அதுவும் போய்விடும். ரெஜிஸ்ட்ரியில் 'லுவா_ரிட்எக்ஸ்_மெயின்த்ரெட்' இடத்தில் இருக்கும் முதன்மை ஸ்டேட்டை எடுத்துச் சேமியுங்கள். அழைப்பது பிழையைப் பிடிக்கும் 'லுவா_பிகால்' வழியாகவே இருக்க வேண்டும். பட்டன் அழியும்போது 'லுவாஎல்_அன்ரெஃப்' செய்யுங்கள். பட்டன்கள் அனைத்தும் 'லுவா_குளோஸ்'-க்கு முன்னால் அழிந்தாக வேண்டும்.

கேள்வி: இத்தனைக்குப் பதில் சோல்2 நூலகத்தைப் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக, சி++17 கம்பைலர் இருந்தால். ஆனால் ஆப்ஜெக்டை நேராக லுவா மாறிக்குக் கொடுத்தால் அது நகலெடுக்கும். ஸ்கிரிப்ட் மாற்றியது எஞ்சினில் தெரியாது. முகவரியையோ 'எஸ்டிடி::ரெஃப்'-ஐயோ கொடுத்தால் நகல் இல்லை, ஆனால் ஆயுளுக்கு நீங்களே பொறுப்பு. சோதனைக் காலத்தில் 'சோல்_ஆல்_சேஃப்டீஸ்_ஆன்' 1 ஆக இருக்கட்டும். அதோடு, ஹேண்டில் வேலையை நூலகம் உங்களுக்காகச் செய்யாது.