எம்.எஸ்சி. முடிக்கும் வயதில் எம்.பி.பி.எஸ்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. இறுதியாண்டு, வயது 22. அன்று நீட் எழுத வீட்டில் வசதியில்லை. ஆசை மட்டும் விடவில்லை. பட்டதாரிகள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று ஒரு சீனியர் சொல்கிறார். உண்மையா? எம்.எஸ்சி.யை விட்டுவிட்டுக் கோச்சிங் போகலாமா?
வாசகி, மன்னார்குடி

பதில்: உண்மையில்லை. பாலிடெக்னிக் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருவதை வைத்து அவர் குழப்பிக்கொண்டிருக்கலாம். நம் நாட்டில் எந்தப் பட்டம் பெற்றவரும் நீட் எழுதி முதலாண்டிலிருந்துதான் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. 23 வயதில் சேர்ந்தாலும் வெளிவரும்போது 28 தாண்டிவிடும். வயது தடையில்லை, நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் 61 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வுக்கே வந்து, பிறகு இளையவர்களுக்காக இடத்தை விட்டுக்கொடுத்தார்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் நீங்கள் படித்த பட்டமேதான். உடலில் குளுக்கோஸ் சிதையும் கிளைக்காலைசிஸின் பத்துப் படிகளையும் நொதிப் பெயரோடு ஒப்பிக்கும் நீங்கள், சாய்தளத்தில் உருண்டு இறங்கும் கோளத்தின் வேகத்தை ஒரே நிமிடத்தில் கணக்கிட முடியுமா என்று இன்றிரவே சோதித்துப் பாருங்கள். நீட்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடம். அவற்றில் இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் ஒன்று குறையும். உயிரியலிலும் பாதி தாவரவியல் என்பதால், பள்ளியோடு மறந்துபோன மலர் வரைபடங்களைத் தூசி தட்டியாக வேண்டும். எம்.எஸ்சி. அறிவு கைகொடுக்கும் இடங்களில்கூட, பாடநூல் கேட்காத விதிவிலக்குகளையெல்லாம் நினைத்துக் குழம்பி, தெரிந்த வினாவைத் தவறவிடும் ஆபத்து உண்டு. ஆகவே பிளஸ் ஒன், பிளஸ் டூ நிலை என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசு நிறுவனம்) பாடநூல்களோடு நில்லுங்கள். பழைய நோட்டுகளை அப்படியே நம்ப வேண்டாம். 2024 முதல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டு, திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்ற பாடங்கள் போய்விட்டன. தமிழைத் தேர்வு செய்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும்; ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி.

எம்.எஸ்சி.யை விடாதீர்கள். மே முதல் ஞாயிறை ஒட்டி வரும் நீட், உங்கள் கடைசி செமஸ்டரோடு மோதக்கூடும். இந்த ஆண்டு ஒத்திகையாக எழுதிவிட்டு, பட்டம் வாங்கிய பின் ஓராண்டை முழுதாக ஒதுக்குங்கள். அது கைகூடாவிட்டால் இன்னும் இரண்டு ஆண்டு என்று இழுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மருத்துவமனை ஆய்வகமும் ஆராய்ச்சியும் உங்கள் பட்டத்தை மதிக்கும் இடங்கள்தாம். ‘நீட் வேண்டாம், வெளிநாட்டில் டாக்டராகலாம்’ என்று வரும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே படித்து இங்கே தொழில் செய்வதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும்.

ஒரு நல்ல செய்தியை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியிலும் படித்த சான்றை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைய நேரமிருக்காது.