பஸ்ஸில் தொல்லை: எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது?

சென்னிமலையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகள் ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்குத் தனியார் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறாள். ஒரு மாதமாக ஒரு ஆள் அதே பஸ்ஸில் ஏறி அவளையே முறைத்துப் பார்ப்பதும் விசில் அடிப்பதுமாக இருக்கிறான். இறங்கிய பிறகு கம்பெனி வாசல் வரை பின்னாலேயே வருகிறான். கண்டக்டரிடம் சொன்னால், 'அவரும் டிக்கெட் எடுத்திருக்காருங்க, நான் என்ன பண்றது' என்கிறார். இதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி எங்கள் மகளிர் குழு சார்பில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். எம்.எல்.ஏ.விடம் கொடுப்பதா, எம்.பி.யிடம் கொடுப்பதா?"

எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். ஆனால் சட்டம் வேண்டும் என்று கேட்காதீர்கள் அம்மா. நீங்கள் கேட்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1998-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இப்படிப்பட்ட தொல்லையால் உயிரிழந்தார். ஊரே கொதித்தது. அரசு உடனே அவசரச் சட்டம் போட்டது, பிறகு அது சட்டமன்றத்தில் முழுச் சட்டமானது. முதலில் அதன் பெயரில் ஈவ் டீசிங் என்ற சொல் இருந்தது. ஏதோ விளையாட்டு என்பது போல ஒலித்த அந்தப் பெயர் பின்னர் பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியது சின்ன விஷயம் இல்லை என்பது என் எண்ணம்.

அந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் தொல்லை என்று புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் அந்த வண்டியையே பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.  தென்காசி பஸ் நிலையத்தில் நடந்த ஒரு சம்பவம் தொடர்பான வழக்கில், 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவாகச் சொன்னது. பஸ் நிலையங்களில் சீருடை இல்லாத பெண் போலீஸ் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளும் திருத்தப்பட்டன. முறைத்துப் பார்ப்பது, விசில், கண்ணடிப்பது, சைகை காட்டுவது எல்லாம் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. அப்படிச் செய்பவரை இறக்கிவிடுவதோ போலீஸில் ஒப்படைப்பதோ கண்டக்டரின் கடமை. டிக்கெட் எடுத்திருக்கிறார் என்பது பதிலே ஆகாது.

முறைத்துப் பார்ப்பது சட்டத்தில் வராமல் ஏன் விதியில் வந்தது என்று கேட்கலாம். ஒரு நடத்தையைக் குற்றம் என்று எழுத சட்டமன்றமும் நாடாளுமன்றமும் தயங்கும். பார்வைக்கு அளவு எது, பொய்ப் புகார் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் எழும். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு 2013 மார்ச்சில் நாடாளுமன்றம், பெண்ணைப் பின்தொடர்வதை முதன்முறையாகத் தனிக் குற்றமாக்கியது. அந்த விவாதத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், பெண்ணின் பின்னால் போகாதவர் நம்மில் யார் என்கிற மாதிரி பேசினார். அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பொய் வழக்கு வரும் என்று பலரும் அஞ்சினார்கள். கடைசியில், முதல் தடவை பிடிபடுபவருக்கு ஜாமீன் கிடைக்கும் குற்றமாக அது சட்டமானது. சட்டம் என்பது இப்படிப் பேரம் பேசித்தான் வரும். விதி அப்படி இல்லை. அதை அரசே எழுதி அரசிதழில் வெளியிடும், பிறகு அவையின் முன் வைக்கும். மாற்றுவதும் சுலபம், மறந்துவிடுவதும் சுலபம்.

சரி, எம்.பி. ஏன் வேண்டாம்? காவல் துறை, மாநிலங்களே சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பஸ் பர்மிட்டும் கண்டக்டர் லைசென்ஸும் மாநில அதிகாரிகள் கையில். குற்றவியல் சட்டத்தில் நாடாளுமன்றத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் எம்.பி. தனியாகக் கொண்டுவரும் மசோதாக்களில் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு சட்டமானவை 14 தான். கடைசியாக ஒன்று தேறியது 1970-ல். அந்த வழியில் உங்கள் மகளைக் காக்க வைக்க முடியாது.

தண்டனையைக் கூட்டுவது அவைக்குக் கஷ்டமே இல்லை. 2025 ஜனவரியில் இதே 1998 சட்டத்துக்கான திருத்த மசோதா 10-ம் தேதி சட்டமன்றத்துக்கு வந்து 11-ம் தேதி நிறைவேறியது. நடைமுறைதான் பாக்கி நிற்கிறது. அதைக் கேள்வியாக்கத்தான் எம்.எல்.ஏ. வேண்டும். போக்குவரத்து, காவல் துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும்போது அவர் பேசலாம், கேள்வி நேரத்தில் கேட்கலாம், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் கவன ஈர்ப்பும் கொண்டுவரலாம். சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது நீங்கள் நேரடியாகவும் மனு கொடுக்கலாம்.

மனு எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு குழுவினர் என்னிடம் கொண்டுவந்த மனுவில் ஒன்றரைப் பக்கத்துக்கு "பெண்களின் பாதுகாப்பு சீரழிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். எந்த பஸ், எத்தனை மணி, எந்த நிறுத்தம் என்று ஒரு வரி இல்லை. அதை வாங்கும் எம்.எல்.ஏ. என்ன கேள்வி கேட்க முடியும்? பிறகு நாங்கள் உட்கார்ந்து மாற்றினோம்: வண்டி எண், தடம், காலை எத்தனை மணி டிரிப், கண்டக்டர் சொன்ன பதில், இந்தத் தடத்தில் 2022 விதிப்படி இதுவரை எத்தனை பேர் போலீஸில் ஒப்படைக்கப்பட்டார்கள் என்ற ஒரே கேள்வி. அரைப் பக்கத்தில் முடிந்தது. அந்தக் கடைசிக் கேள்விக்குத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மனு ஒரு பக்கம் போகட்டும், போலீஸில் புகார் கொடுக்க அதற்காகக் காத்திருக்காதீர்கள். கம்பெனி வாசல் வரை பின்தொடர்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவில் வரும். அந்த பஸ் ஈரோடு மாவட்டத்தில் கிளம்பித் திருப்பூர் மாவட்டத்தில் முடிகிறது, அதனால் "எங்கள் எல்லை இல்லை" என்று ஒரு நிலையம் திருப்பி அனுப்பப் பார்க்கலாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு எண்ணை மகள் போனில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவசரத்துக்கு 181 (பெண்கள் உதவி எண்) அல்லது 112-ஐ அழைக்கலாம். கண்டக்டர் மேல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனியாக ஒரு புகார் கொடுங்கள், அவருடைய லைசென்ஸ் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆளிடம் "என் பின்னால் வராதே" என்று மகள் ஒரு தடவை, துணைக்கு ஆள் இருக்கும்போது, சத்தமாகச் சொல்லட்டும். விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் தொடர்ந்தான் என்பது வழக்குக்கு முக்கியம். சொன்ன தேதியையும் நேரத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.