கோர்ட் ஆபீஸ் உள்ள எப்படி நடக்குது? ரிட்டையர்டு சிரஸ்தார் பதில் சொல்றேன், கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டுல ஒரு மாவட்ட கோர்ட்ல ஜூனியர் அசிஸ்டென்ட்டா சேர்ந்து, காப்பி செக்‌ஷன், பெஞ்ச் கிளார்க், நாசர் ஆபீஸ் (சம்மன் அனுப்பற பிரிவு)னு எல்லா சீட்லயும் உக்காந்து கடைசியா சிரஸ்தாரா, அதாவது கோர்ட் ஆபீஸ் ஊழியர்களுக்குத் தலைமையா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வக்கீல் இல்ல, அதனால உங்க கேஸ் ஜெயிக்குமா தோக்குமான்னு கேக்காதீங்க. உள்ள ஒரு பேப்பர் எந்த மேஜையில இருந்து எந்த மேஜைக்குப் போகுது, எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு கேளுங்க, சொல்றேன். நியாயம் கையில இருந்தும் ஒரு தேதியை விட்டதால தோத்தவங்களை நிறைய பாத்துட்டேன், அந்த வருத்தத்துலதான் இதுக்கு உக்காந்திருக்கேன்.

கேள்வி: சார், பாகப்பிரிவினை கேஸ் போட்டு 8 மாசம் ஆச்சு. வக்கீல் கேட்டா இன்னும் நம்பர் ஆகலைங்கறார். கோர்ட்ல இவ்ளோ லேட் ஆகுமா?

பதில்: 8 மாசம் ஆகாது தம்பி. தாக்கல் பண்ணின பிராது நேரா ஜட்ஜ்கிட்ட போறதில்ல. முதல்ல ஆபீஸ்ல ஒருத்தர் கோர்ட் பீஸ் சரியா, சொத்து விவரம் நாலெல்லையோட இருக்கா, டாக்குமென்ட் நகல் இருக்கா, வக்காலத்துல கையெழுத்து இருக்கான்னு பாப்பார், குறை இருந்தா அதை எழுதி ரிட்டர்ன் பண்ணுவாங்க. அதை சரி பண்ணி குடுத்த கெடுவுக்குள்ள திருப்பி போடணும், அப்புறம்தான் ஓ.எஸ். நம்பர், அதாவது சிவில் கேஸ் நம்பர் விழும். என் அனுபவத்துல நம்பர் ஆகாம கிடக்கற பிராதுல பெரும்பாலானது கோர்ட்ல இல்ல, ரிட்டர்ன் ஆகி வக்கீல் ஆபீஸ் கட்டுலதான் இருக்கும். மரியாதையாவே கேளுங்க, "சார், ரிட்டர்ன் போட்டது என்ன காரணம்னு அந்த எழுத்தை காட்டுங்க"ன்னு. கெடு தாண்டிடுச்சுன்னா தாமதத்துக்கு தனியா ஒரு மனு போடணும், அது வேற அலைச்சல். ஆன்லைன்ல ஃபைல் பண்ணினதும் வர்ற இ-ஃபைலிங் நம்பரை கேஸ் நம்பர்னு நினைச்சுடாதீங்க, ரெண்டும் வேற.

கேள்வி: நம்பர் ஆனதுக்கு அப்புறம் நாமளே எப்படி பாக்கறது? வாய்தா தேதிக்கு ஒவ்வொரு தடவையும் வக்கீலுக்கு போன் பண்ண வேண்டியிருக்கு.

பதில்: சி.என்.ஆர். நம்பர்னு 16 எழுத்து-எண் கலந்து ஒண்ணு இருக்கும், நம்ம மாவட்ட கோர்ட் கேஸ்னா டி.என்.னு ஆரம்பிக்கும். அதை வாங்கி வெச்சுக்கிட்டு இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த தேதி, போன தேதில என்ன நடந்துச்சு, கேஸ் எந்த கட்டத்துல இருக்கு எல்லாம் வரும், காசு கிடையாது. நம்பர் இல்லாட்டி பேரை வெச்சும் தேடலாம்.

கேள்வி: ஐயா, முன்சீப் கோர்ட்ல தீர்ப்பு எங்களுக்கு பாதகமா வந்துடுச்சு. அப்பீலுக்கு 30 நாள்னு சொல்றாங்க, காப்பியே 40 நாள் கழிச்சுதான் கெடச்சுது. டைம் போயிடுச்சா?

பதில்: போயிடுச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. கையில இருக்கற சர்ட்டிஃபைடு காப்பியை எடுத்து சீல் போட்டிருக்கற இடத்தைப் பாருங்க. அதுல வரிசையா தேதி எழுதியிருக்கும்: மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டின தேதி, காப்பி ரெடியான தேதி, டெலிவரி குடுத்த தேதி. அந்த சின்ன கட்டம்தான் உங்க அப்பீலோட உயிர். லிமிடேஷன் சட்டம் (கேஸ், அப்பீலுக்கெல்லாம் கெடு சொல்ற சட்டம்) 12ஆவது பிரிவுப்படி காப்பி வாங்க தேவைப்பட்ட நாளை 30 நாள்ல இருந்து கழிச்சுடுவாங்க, அதாவது மனு போட்ட நாள்ல இருந்து காப்பி ரெடியான நாள் வரைக்கும். ஆனா தீர்ப்பு வந்து 10 நாள் சும்மா இருந்துட்டு அப்புறம் மனு போட்டிருந்தா அந்த 10 நாள் உங்க கணக்குலதான். ஸ்டாம்ப் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டுல ஒட்டினதை பாக்காம ஒரு வாரம் விட்டிருந்தா அதுவும் உங்க கணக்கு, ரொம்ப விட்டா காப்பி மனுவையே தள்ளிடுவாங்க. ரெடி ஆனதுக்கு அப்புறம் வாங்காம விட்ட நாளும் அப்படித்தான். காப்பி செக்‌ஷன்ல இருந்தப்ப, ரெடியான காப்பி யாரும் வாங்க வராம மாசக்கணக்கா டிராயர்ல கிடந்து பாத்திருக்கேன், மனசு பதைக்கும். தீர்ப்பு வந்த அன்னிக்கே காப்பி மனு போட்டுடுங்க, அப்பீல் போறதா இல்லையான்னு பொறுமையா யோசிச்சுக்கலாம். (ஹைகோர்ட்டுக்கு போற சிவில் அப்பீல்னா 90 நாள்.)

கேள்வி: அண்ணா, எங்க சித்தப்பாவுக்கு சம்மனே வரலை, ஆனா எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது அவர் வராமலே எதிரா தீர்ப்பு ஆயிடுச்சுன்னு இப்பதான் தெரியுது. இது எப்படி நடக்கும்?

பதில்: நடக்குதும்மா. சம்மன் நாசர் ஆபீஸ் வழியா அமீனா (சம்மன் சேர்க்கற, கோர்ட் உத்தரவை நேர்ல நிறைவேத்தற ஊழியர்) கைக்கு போகும். அவர் வீட்டுக்குப் போய் ஆள் இருந்தா கையெழுத்து வாங்குவார். வாங்க மறுத்தாலோ, தேடியும் ஆள் அகப்படலைன்னாலோ கதவுல ஒட்டிட்டு, எப்போ போனேன், யார் சாட்சின்னு பின்னாடி எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவார். அந்த எழுத்தை வெச்சு சம்மன் சேர்ந்துடுச்சுன்னு ஜட்ஜ் திருப்தி ஆனா, கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா எக்ஸ்பார்ட்டிதான்.

நான் வேலை பாத்த ஒரு கோர்ட்ல, வயசான அம்மா ஒருத்தர் மஞ்சப்பையோட வந்து நின்னாங்க. பிராதுல அவங்க பழைய வீட்டு விலாசம், வீடு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒட்டின சம்மனை யாரும் அவங்களுக்கு சொல்லலை, அவங்களுக்கு தெரிஞ்சதே வீட்டை காலி பண்ணச் சொல்லி அமீனா வந்து நின்னப்பதான். அன்னிக்கே சட்ட உதவி ஆபீஸ்ல வக்கீல் வெச்சு குடுத்தாங்க, மனு போட்டு டிகிரி செட் அசைட் ஆச்சு, அதாவது ரத்தாச்சு. உங்க சித்தப்பாவும் அதைத்தான் செய்யணும், 30 நாள்தான் டைம். சம்மன் முறையா சேரலைன்னா டிகிரி பத்தி தெரிய வந்த நாள்ல இருந்து அந்த 30 நாள் ஓடும், அதனால இப்போ தெரிஞ்சிருக்குன்னா இன்னிக்கே வக்கீலைப் பாருங்க. முதல் வேலையா கட்டுல இருக்கற அந்த அமீனா எழுத்தோட காப்பி வாங்குங்க, எந்த விலாசத்துக்குப் போனார், சாட்சி யாருன்னு அதுலதான் இருக்கு.

கேள்வி: வக்கீல் வைக்க காசில்லாதவங்களுக்கு அந்த சட்ட உதவி யாருக்கெல்லாம் கிடைக்கும்?

பதில்: பெண்கள், குழந்தைங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை மாதிரி தொழில்துறைல வேலை பாக்கற தொழிலாளர்கள், ஜெயில்ல இருக்கறவங்க, இவங்க யாருக்கும் வருமான கணக்கே பாக்க மாட்டாங்க. மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு, 15100க்கு போனும் பண்ணலாம்.

கேள்வி: ஜட்ஜ் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டார், கேஸ் மறுபடி முதல்ல இருந்தா?

பதில்: இல்ல. பழைய ஜட்ஜ் பதிவு பண்ணின சாட்சியத்தை வெச்சே புதுசா வர்றவர் தொடரலாம். ஆர்க்யூமென்ட் முடிஞ்சு தீர்ப்பு சொல்லாம போயிட்டார்னா அதை மட்டும் புதியவர் முன்னாடி திரும்ப பண்ணணும்.

கேள்வி: கோர்ட்ல ஸ்டாஃப் பணம் கேக்கறாங்க. கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாமா?

பதில்: கலெக்டருக்கு இதுல அதிகாரம் கிடையாது. சம்பளமும் கட்டடமும் மாநில அரசு பணத்துல, ஆனா கீழ் கோர்ட்டுகள் மேல இருக்கற கட்டுப்பாடு அரசியல் சட்டம் 235ஆவது பிரிவுப்படி ஹைகோர்ட்டுக்கு. ஸ்டாஃப் மேல புகார்னா பிரின்சிபல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்கிட்ட எழுத்துல குடுங்க, ஜட்ஜ் மேலயே புகார்னா ஹைகோர்ட் ரிஜிஸ்ட்ரார் விஜிலன்ஸுக்கு. தேதி, கேஸ் நம்பர், என்ன நடந்துச்சுன்னு தெளிவா எழுதுங்க, மொட்டை கடுதாசிக்கு பலன் இருக்காது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போகலாம். காப்பிக்கு உள்ள ஸ்டாம்பு, சம்மனுக்கு உள்ள பேட்டா (அதைக் கொண்டுபோய் சேர்க்கறதுக்கான கட்டணம்), இதுக்கு மேல ஒரு ரூபா குடுக்க வேண்டியதில்ல. நான் அந்த ஆபீஸ்ல இருந்தவன்தான், இது எனக்கு இன்னும் வலிக்கற விஷயம்.

கேள்வி: சிவகங்கைக்காரன் நான். ஹைகோர்ட் அப்பீல்னா சென்னைக்குதான் வரணுமா?

பதில்: வேண்டாம், உங்களுக்கு மதுரை பெஞ்ச். 2004 ஜூலை 24ல இருந்து தென் மாவட்டங்களோட திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் பக்கமும் அங்கதான். ஆனா கீழ் கோர்ட்ல தமிழ்ல நடந்த உங்க கட்டு ஹைகோர்ட்ல இங்கிலீஷ்ல போகும், அரசியல் சட்டம் 348ஆவது பிரிவு அப்படி. தன் கேஸ்ல என்ன பேசறாங்கன்னு கட்சிக்காரருக்கே புரியாம நிக்கறதை மாத்தணும்ங்கறது என் உறுதியான அபிப்பிராயம்.

கேள்வி: 2011ல டிகிரி வாங்கினோம், இன்னும் சொத்து கைக்கு வரலை. இ.பி. (டிகிரியை நிறைவேத்தச் சொல்லி போடற மனு) போட்டு இழுக்குது.

பதில்: இதுக்குத்தான் மனசு ரொம்ப கஷ்டப்படும். டிகிரி ஒரு பேப்பர், சொத்தைக் கையில குடுக்கறது இ.பி. அது போட 12 வருஷம் டைம் இருக்கு, நீங்க போட்டுட்டீங்க, நல்லது. எதிர்த்தரப்பு ஆட்சேபணை மனு ஒண்ணு மாத்தி ஒண்ணா போட்டுத்தான் இழுப்பாங்க. 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுல 1986ல ஆரம்பிச்ச ஒரு நில வழக்கைப் பாத்துட்டு, பெண்டிங்ல இருக்கற இ.பி.க்களை ஆறு மாசத்துக்குள்ள முடிக்க வைக்கணும்னு எல்லா ஹைகோர்ட்டுக்கும் சொல்லிச்சு. உங்க வக்கீல்கிட்ட சொல்லி அந்தத் தீர்ப்பை வெச்சு சீக்கிரம் முடிக்கச் சொல்லி மெமோ போடுங்க. அமீனாவுக்கு போலீஸ் பாதுகாப்பு தேவைன்னா அதுக்கும் தனி மனு உண்டு, அன்னிக்கு பூட்டு உடைக்க ஆள், பேட்டா எல்லாம் தயாரா வெச்சுக்கோங்க. அமீனா கிளம்பிப் போய் வாசல்ல இருந்தே திரும்பி வந்த கேஸ்ல பாதி, பூட்டை உடைக்க ஆர்டர் வாங்காம போனதால திரும்பினதுதான்.

கேள்வி: லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) சமரசமா முடிச்சுக்கிட்டா கட்டின கோர்ட் பீஸ் வருமா?

பதில்: வரும். முடிஞ்ச அன்னிக்கே ரீஃபண்டுக்கு கேட்டுடுங்க. ஆனா லோக் அதாலத் அவார்டுக்கு அப்பீல் கிடையாது, அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தொகை, தேதி, சர்வே நம்பர் எல்லாம் வாய்விட்டு படிச்சு காட்டச் சொல்லுங்க. படிச்சு காட்ட மாட்டேன்னு அங்க யாரும் சொல்ல முடியாது.