நேபாளத்தில் ஒரு பள்ளி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் கலை, வணிகவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள். மேற்கு நேபாளத்தின் மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு வகுப்பறைகள் கட்டித்தர நிதி திரட்டுகிறோம். கட்டுமானத்தை அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஜூன் விடுமுறையில் நாங்களும் போய்ச் சுவர் எழுப்பப்போகிறோம். ஆனால் பணம் கேட்டுப் போகும் இடமெல்லாம் "உள்ளூரில் ஏழைகளே இல்லையா?" என்கிறார்கள். பெரிய தொகை தருபவர்களின் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பதா வேண்டாமா என்பதில் எங்கள் குழுவே இரண்டாகிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உள்ளூர் ஏழைகளைப் பற்றிக் கேட்பவர்களிடம் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். கொடுக்க மனமில்லாதவருக்கு எந்த ஊரும் தூரம்தான். கல்வெட்டு வேண்டாம், ரசீதும் கணக்கும் போதும். இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடுவோம்.

பள்ளிக்கட்டடங்களையும் நிலநடுக்கத்தையும் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் நிதி இருக்கிறது, விடுமுறை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. சுவர் எப்படிக் கட்டப்படும் என்று ஒரு சொல் இல்லை. உங்கள் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கடுமையாகச் சொல்கிறேன்.

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை, காலை 8.50. காஷ்மீரில் 7.6 அளவு நிலநடுக்கம். பாகிஸ்தானில் அன்று பள்ளி நாள். வகுப்பு தொடங்கியிருந்த நேரம். 17,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடங்களின் இடிபாடுகளில். 2015 ஏப்ரல் 25, அதுவும் சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். நேபாளத்தில் 7.8. அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் விழுந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது கிழமை, கட்டடம் அல்ல. 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் அவற்றைவிட மிகச் சிறிய அதிர்வு, நள்ளிரவை ஒட்டி. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீங்கள் போகும் மலைகள் அவை.

அங்கே வழக்கமாகச் சுவர் கல்லும் மண்ணும். ஒன்றரை அடித் தடிமன் இருக்கும், பார்க்க உறுதியாகத் தெரியும். உண்மையில் அது உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று என்று இரண்டு சுவர், நடுவே சில்லுக்கல். ஆட்டம் வந்ததும் இரண்டும் பிரிந்து, வயிறு புடைத்து, சரிகின்றன. இதைத் தடுக்கச் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும் நீளக்கற்களை இரண்டு அடி உயரத்துக்கு ஒரு வரிசையாக, நான்கு அடிக்கு ஒன்றாகவேனும் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட கல் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டில் வார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெல்ட். அடித்தளத்தின் மேல், ஜன்னலின் கீழ், கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில், கூரையின் கீழ் என்று சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை. 3 அங்குலக் கனம், இரண்டு கம்பி, 15 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கம்பி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விறகுக்கட்டைக் கயிறு பிடிப்பதுபோல நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடிப்பது அதுதான். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். கதவு, ஜன்னல் தலைக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுவிட்டு "பெல்ட் போட்டாச்சு" என்பார்கள். அல்லது மூலையில் கம்பியை வெட்டி நிறுத்திவிடுவார்கள். மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் போய், அங்குள்ள கம்பியோடு சேர்த்துக் கட்டப்படாவிட்டால் அந்தப் பெல்ட்டால் ஒரு பயனும் இல்லை. பூச்சு பூசிய பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது.

கலவையிலும் அப்படித்தான். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் போதும். கொட்ட எளிதாக இருக்கிறது என்று கூடுதலாக ஊற்றினால் கான்கிரீட் வலுவிழக்கும். போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரம் காயவிடக்கூடாது. மலையில் தண்ணீரை முதுகில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும் என்றால் இரண்டாம் நாளே அது நின்றுவிடும். ஆகவே தண்ணீர் சுமக்கும் கூலி உங்கள் மதிப்பீட்டில் தனி வரியாக இருக்கட்டும்.

இப்போது சொல்லுங்கள், சுத்தியல் பிடித்தறியாத நீங்கள் இந்தச் சுவரை எழுப்பலாமா? கூடாது. பிள்ளைகள் அதன் அடியில் உட்காரப்போகிறார்கள். உங்கள் விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பல மாதக் கூலி கொடுக்கலாம்; வாரத்துக்கு இருமுறை வந்து பார்க்கும் ஒரு பொறியாளரையும் அமர்த்தலாம். தவிர, ஜூன் நடுவில் அங்கே பருவமழை தொடங்கும். மலைச்சாலைகள் சரியும், சிமென்ட் வந்து சேராது, வந்தது ஈரத்தில் கட்டிதட்டும். அங்கே கட்டும் காலம் அக்டோபர் முதல் மே வரை.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த ஊரில் பழைய பள்ளிக்கட்டடம் இருக்கிறதா? இருந்தால் அதை வலுப்படுத்த முடியுமா என்று பொறியாளரைப் பார்க்கச் சொன்னீர்களா? சுவரின் இரு முகத்திலும் கம்பிவலைப் பட்டைகளைப் படுக்கையாகவும் மூலைகளில் செங்குத்தாகவும் பதித்து, சுவரைத் துளைத்து இருபுறத்தையும் கம்பியால் பிணைத்து, மேலே சிமென்ட் பூசும் முறை ஒன்று உண்டு. காட்மாண்டு பள்ளத்தாக்கில் முன்பே இவ்வாறு வலுப்படுத்தப்பட்ட பள்ளிகள் 2015-இல் நின்றன. புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு மிகக் குறைவு. இரண்டு அறைக்கான பணத்தில் ஒரு பள்ளி முழுவதும் பத்திரமாகலாம். திறப்புவிழாப் படம் அழகாக வராது என்பதற்காக இதை ஒதுக்கினால் அது பெரிய பாவம்.

பணத்தை மொத்தமாக அனுப்பாதீர்கள். அடித்தளம், லிண்டல், கூரை என்று தவணையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பெல்ட்டிலும் கான்கிரீட் போடும் முன், நான்கு மூலைகளிலும் கம்பி தெரியும் படங்கள் பொறியாளரின் கையெழுத்தோடு வந்தால்தான் அடுத்த தவணை. பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்துவையுங்கள். ஆசிரியர் சம்பளம் யார் பொறுப்பு என்பதை உள்ளூராட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். நிலம் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு இன்றே எழுதி வரைபடம் கேளுங்கள். எத்தனை பெல்ட், மூலைக் கம்பி எப்படி, கையெழுத்துப் போடும் பொறியாளர் யார் என்று அதில் இருக்க வேண்டும். "வழக்கம்போல உறுதியாகக் கட்டுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வரைபடம் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர்களிடம் காட்டித் தருகிறேன். ஜூன் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.