காற்று பிரித்த கூரை: காப்புறுதி மதிப்பீட்டாளர் வருமுன் எதில் கை வைக்கலாம்?

கேள்வி: "புதுக்குடியிருப்பில எங்கட வீடு 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடு, ஓடு போட்டது. பின் விறாந்தையும் குசினியும் பிறகு வங்கிக் கடனில இறக்கினது, அதுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற். இந்த மாரிக் காற்றுக்கு முகட்டோடு ஒரு பக்கம் கழண்டு போச்சு, ஓடு இருநூறளவில உடைஞ்சிட்டுது, சீற் ஆறு வெடிச்சிட்டுது. கடன் எடுக்கேக்க வங்கி ஒரு காப்புறுதி போட்டது. மதிப்பீட்டாளர் வரும்வரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ எண்டு ஒராள் சொல்லுறார். மேசன் நாளைக்கே ஏறுறன் எண்டுறார். மழையும் விடுறதாயில்லை. என்ன செய்யிறது?"

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. மழை உள்ளே வராமல் இன்றைக்கே மூடுங்கள். இழப்பு மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு என்று காப்புறுதிப் பத்திரத்திலேயே இருக்கும், திறந்து கிடந்த கூரையால் பத்து நாள் நனைந்த அலுமாரிக்கு நட்டஈடு கேட்டால் "ஏன் மூடவில்லை?" என்ற கேள்விதான் வரும். ஆனால் புது ஓடு, புது சீற், புது சலாகை (ஓடும் சீற்றும் தங்கும் குறுக்குச் சட்டம்) எதையும் மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை அல்லது கம்பனி எழுத்தில் சம்மதிக்கும் வரை ஏற்ற வேண்டாம். பொறுக்க முடியாத அவசரமென்றால் "இன்ன திகதியில் வேலை தொடங்குகிறோம்" என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏணி வைக்கும் முன் மெயின் சுவிற்சை நிறுத்துங்கள். கூரைக்கு வரும் மின்சார வயர் தொங்கினால் 1987க்கு அழைத்து மின்சார விநியோகத்தாருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்த வேலை படம். வீட்டின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, ஒழுங்கையும் பக்கத்து வளவும் தெரியும்படி. பிறகு முகடு, தாழ்வாரம், உள்ளே நனைந்த சுவர். அதன் பிறகு கிட்டப் போய், அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து, கழன்ற ஆணியையும் அது இருந்த ஓட்டையையும் எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த திகதி, நேர விபரம் தங்காது. மூலப்படத்தைப் போனில் அழியாமல் வைத்திருங்கள். உடைந்த ஓட்டிலும் சீற்றிலும் இரண்டு மூன்று, முகட்டுச் சாந்துக் கட்டி ஒன்று, வளைந்த ஆணிகள் ஒரு ரின்னுக்குள். இவை மதிப்பீட்டாளர் வந்து போகும் வரை வளவின் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

தறப்பாள் கட்டுவதில் எல்லோரும் விடும் பிழை, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடுவது. மேல் விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கம் குறைந்தது 3 அடி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மேலிருந்து வரும் தண்ணீர் தறப்பாளுக்குக் கீழால் போகும். விளிம்பை 2க்கு 1 அங்குலச் சட்டம் ஒன்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சட்டத்தைக் கைமரத்தில் (முகட்டிலிருந்து தாழ்வாரத்துக்கு இறங்கும் சாய்மரம்) அடியுங்கள். தறப்பாளிலேயே ஆணி அடித்தால் முதல் காற்றுக்கே கிழியும். கூரைக்கு மேல் மண்மூட்டை ஏற்ற வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் மேல் ஏற்றவே கூடாது. முகட்டின் குறுக்கே கயிறு போட்டு, இரு பக்கமும் தாழ்வாரத்துக்குக் கீழே மூட்டையைத் தொங்கவிட்டால் அதே பாரம், ஆபத்தில்லாமல் கிடைக்கும். தறப்பாள், கயிறு, கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

இனி, கூரை ஏன் போனது? "காற்றுக்குப் போனது" என்பதோடு விட்டால் அடுத்த மாரிக்கும் போகும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. வன்னிக்கு நவம்பரும் டிசம்பரும் எப்போதும் இப்படித்தான். காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே கூட. அந்த உறிஞ்சல் முகடு, ஓரங்கள், மூலைகளில் மிக அதிகம். தாழ்வாரத்துக்குக் கீழேயிருந்தும் காற்று தூக்கும். காற்றுப் பக்கக் கதவோ யன்னலோ திறந்துகொண்டால் வீட்டுக்குள்ளிருந்தும் தள்ளும். ஆகவே பிடிப்பு எந்த இடத்தில் விட்டது என்று பாருங்கள்.

ஆணி, துருவும் அழுக்குமாக முழுதாக வெளியே வந்திருந்தால், சலாகை உக்கிவிட்டது அல்லது வெறும் கம்பி ஆணி. ஆணி அப்படியே நிற்க, சீற்றில் அதைச் சுற்றிப் பிறை வடிவில் உடைந்திருந்தால் வோசர் சிறிது, அல்லது இறுக்கம் கூடி முன்னரே கீறல் விழுந்திருக்கிறது. சீற்றோடு சலாகையும் சேர்ந்து எழும்பியிருந்தால் பிழை சலாகைக்கும் கைமரத்துக்கும் இடையில். கைமரமே சுவரை விட்டு எழும்பியிருந்தால் கூரைக்கும் சுவருக்கும் கட்டே இல்லை என்று அர்த்தம். மதிப்பீட்டாளரும் இந்த இடங்களையே பார்ப்பார். துருப்பிடித்து மெலிந்த போல்ற்றுகளைக் கண்டால் "பராமரிப்பின்மை" என்று எழுதக்கூடும். காற்றில் புதிதாகப் பிளந்த மரத்தின் வெளிறிய நிறத்துக்கும் பழைய கறுத்த வெடிப்புக்கும் வித்தியாசம் படத்தில் தெரியும். அதற்காகத்தான் கிட்டத்துப் படம்.

ஓட்டுப் பக்கம். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு வேண்டும். உடைவுக்கென்று பத்துக்கு ஒன்று கூட வாங்குங்கள். ஒவ்வொரு சூளை ஓட்டுக்கும் பொருத்து வேறு. அடிப்பக்கத்தில் அச்சிட்ட பெயரைப் பார்த்து அதே ஓட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல பழைய ஓடுகளைச் சேர்த்து முன்பக்கத்தை முடித்து, புது வகையைப் பின்பக்கத்தில் ஒரு முழுப் பரப்பாகப் போடுங்கள். ஒரே பரப்பில் இரண்டையும் கலந்தால் ஒழுகும். தாழ்வார ஓரத்து இரண்டு வரி, இரு பக்க ஓரம், முகட்டுக்குக் கீழ் வரி ஆகியவற்றை ஓட்டின் அடியிலுள்ள காதில் கம்பி கோர்த்துச் சலாகையோடு கட்டவேண்டும். இருநூறு ஓடு போன வீட்டில் இந்தக் கட்டு இருந்திருக்க வாய்ப்பில்லை.

முகட்டோட்டை வைக்கும் முன் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த ஓடு சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது, பொருக்காகக் கழரும். விழுந்த முகட்டோட்டின் உட்பக்கம் சாந்தே ஒட்டாமல் துப்புரவாக இருந்தால் காரணம் இதுதான். கலவை 1 சீமெந்து, 1 சுண்ணாம்பு, 5 மணல். சீமெந்தை அள்ளிப் போட்டால் வெயிலுக்கு வெடிக்கும். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரை மண் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஆசை வரும். வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

சீற் பக்கம் வேறு கதை. உடைந்த அஸ்பெஸ்ரஸை நனைத்து, முகக்கவசம் போட்டு, இன்னும் உடைக்காமல் இறக்குங்கள். தூள் சுவாசப்பைக்குள் போனால் திரும்பி வராது. துண்டுகளை இரண்டு மடிப்புப் பொலித்தீனில் கட்டுங்கள். ஒழுங்கைக் குழியை நிரப்பவும் கோழிக்கூட்டுக்கும் அவற்றைக் கொடுப்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். வாகனம் ஏறினால் அது முழுக்கத் தூள். கூரையில் நடக்கும்போது பலகை போட்டு, போல்ற் வரிசையின் மேல் மட்டும் நடவுங்கள்.

ஆறு சீற்றுக்கு ஆறையும் கண்ணை மூடி வாங்க வேண்டாம். ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அலையோடு அலை வைத்துப் பாருங்கள். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் அலை மாறும், பொருந்தாத அலையில் மேல்மடிப்பு வாய் பிளந்து நிற்கும். நீளவாட்டில் 6 அங்குலம், பக்கவாட்டில் உற்பத்தியாளர் சொல்லும் அளவு மேல்மடிய வேண்டும். போடத் தொடங்குவது காற்று வரும் பக்கத்துக்கு மறுமுனையிலிருந்து. எங்களுக்கு மழை வாடையோடு, வடகிழக்கிலிருந்து வருகிறது. வீட்டின் கிடக்கைக்கேற்ப மேற்கு அல்லது தெற்கு முனையில் முதல் சீற்றைப் போட்டு வாடைப் பக்கம் வாருங்கள். அப்போது மடிப்பின் வாய் வாடைக்கு முதுகு காட்டும். சோளகம் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும்தான், ஆனால் அது பெரும்பாலும் காய்ந்த காற்று.

ஓட்டையைத் துளைக்கருவியால் போடுங்கள், ஆணியால் அடித்துத் திறக்க வேண்டாம். போல்ற்றைவிட ஓட்டை 2, 3 மில்லிமீற்றர் பெரிதாக, அலையின் மேட்டில் இருக்கவேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதற்குள்தான் ஓடும். வோசர் கையால் சுழலாத அளவுக்கு இறுக்கி நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுப் போனால் சித்திரை வெயிலில் வெடிக்கும். சலாகை பனையென்றால் முதலில் துளையிட்டே ஸ்குரூ ஏற்றுங்கள். வைரம் பாய்ந்த பனை ஆணியை வளைக்கும், ஓரத்தில் அடித்தால் பிளக்கும்.

கைமரத்துக்கும் சுவருக்கும் ஓர் அங்குல அகல இரும்புப் பட்டியால் கட்டுப் போடுங்கள். சுவர் உச்சியில் கொங்கிறீற் பீம் இருந்தால் அதில் அங்கர் போல்ற் இறக்கலாம். வெறும் புளொக் கல்லில் இறக்கினால் கல்லோடு பிடுங்கும். அப்படியான சுவருக்கு, பட்டியைச் சுவரின் உட்பக்கமாக லின்ரல் (கதவு, யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் சட்டம்) வரை இறக்கி அங்கே பூட்டவேண்டும்.

இங்கேதான் பணக் கணக்கு நுழைகிறது. காப்புறுதி, முன்பு இருந்த நிலைக்குத் திருத்தவே பணம் தரும். முன்பு இல்லாத பட்டிக்கும் போல்ற்றுக்கும் பொதுவாகத் தராது. எனவே ஓடாவியிடமும் மேசனிடமும் இரண்டு மதிப்பீடு எழுதி வாங்குங்கள்: பழையபடி திருத்த ஒன்று, பலப்படுத்த ஒன்று. "கூரை வேலை மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரித் துண்டு செல்லாது. ஓடு எத்தனை, சீற் எத்தனை, சலாகை எத்தனை அடி, கூலி எத்தனை நாள் என்று வரி வரியாக இருக்கவேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் முழுவதையும் வெட்டக்கூடும்.

காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் வங்கியில் கேட்டு வாங்கி மூன்று இடம் பாருங்கள். முதலாவது, தீயும் மின்னலும் மட்டுமா, புயலும் வெள்ளமும் சேர்த்திருக்கிறதா? கடனுக்காகப் போடுபவற்றில் சில தீயோடு நின்றுவிடும். இரண்டாவது, கட்டிட விவரம். "ஓட்டுக் கூரை" என்று மட்டும் இருந்தால் பின்னால் இறக்கிய சீற் பகுதி கேள்விக்குள்ளாகும். மூன்றாவது, காப்புறுதித் தொகை. மீளக் கட்ட 60 இலட்சம் ஆகும் வீட்டை 30 இலட்சத்துக்குப் போட்டிருந்தால் பாதிதான் காப்பு. 4 இலட்சம் சேதத்துக்கு 2 இலட்சம் வரும். அதிலும் 10 வீதம் உங்கள் பொறுப்பு என்ற நிபந்தனை இருந்தால் கைக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். கடன் முடியவில்லையென்றால் காசோலை வங்கியின் பெயருக்கும் போகலாம். திருத்த வேலைக்கு அதை விடுவிக்கும்படி வங்கி முகாமையாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

அறிவிப்பு உடனே தொலைபேசியில், பிறகு பத்திரம் சொல்லும் நாள் எல்லைக்குள் எழுத்தில். கோரிக்கைப் படிவத்தில் "மழைத்தண்ணீர் ஒழுகியது" என்று தொடங்காதீர்கள். ஒழுக்கு வேறு, காற்று கூரையைத் திறந்து அதன் வழியே மழை வந்தது வேறு. நடந்தது இரண்டாவதென்றால் அதே வரிசையில், திகதி நேரத்தோடு எழுதுங்கள். அன்றைய காற்றை உறுதிப்படுத்த வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடிதமும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்கப்படலாம்.

சுவர் வெடிப்பைக் கோரிக்கையில் சேர்க்கும் முன் யோசியுங்கள். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் களிமண் போன்ற நிலத்தில் மாரிக்கு மண் ஊதி, கோடைக்குச் சுருங்கி, வெடிப்பு விரிந்து மூடும். அதைப் புயலின் தலையில் கட்டினால் நியாயமான கூரைக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும். நனைந்த சுவருக்குப் பெயின்ற் அவசரமில்லை. ஓர் அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் ரேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள், காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

அரச நிவாரணம் தனிப் பாதை. கிராம அலுவலரிடம் பதிந்து, பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தரிடம் போகவேண்டும். சேதம் முழுமையா பகுதியா என்று பார்க்க வருபவருக்கும் அதே படங்கள், அதே கணக்கு. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ, எது இருக்கிறதோ அதன் பிரதியை இணையுங்கள். காப்புறுதி இருப்பதை எந்த இடத்திலும் மறைக்க வேண்டாம்.

தொகை தீர்மானித்ததும் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற பத்திரம் கையெழுத்துக்கு வரும். எந்த வரி வெட்டப்பட்டது, ஏன் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒப்பமிடாதீர்கள். இட்டால் பிறகு மேல் பேச்சுக்கு இடமில்லாமல் போகலாம். பதில் திருப்தியில்லை என்றால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அடுத்து காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (பிணக்கை விசாரிக்கும் நடுவர்), இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அங்கே போகும்போது கேட்கும் முதல் தாள், கம்பனி எழுத்தில் தந்த அந்த மறுப்புத்தான்.