கேள்வி - பதில்: துவாலுவில் ஊருணி வெட்டலாமா?

சென்ற இதழில் துவாலு என்ற பசிபிக் தீவு நாட்டைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்தது. 26 சதுர கிலோமீட்டர் நிலம், பத்தாயிரம் சொச்சம் மக்கள், ‘மூழ்கும் நாடு’ என்ற பட்டம், ஆறு குளம் எதுவும் கிடையாது. அதில் இருந்தது இவ்வளவுதான். செட்டிநாட்டுப் பக்கமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுப் பகுதியும் துவாலுவுக்கே.

வ.மீ., கானாடுகாத்தான்: ஆறு இல்லையென்றால் என்ன, எங்கள் ஊர்களைப்போல ஊருணி வெட்டிக்கொள்ளலாமே?

வெட்டினால் இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும், ஆச்சி. ஊருணியில் மழைநீர் தேங்கி நிற்பது அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணால். துவாலுவில் அந்த மண் இல்லை. பவளத் துண்டும் மணலும்தான். பெய்த மழை ஓடாது, தேங்காது, நேரே கீழே இறங்கிவிடும். அங்கே ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீருக்கு அடர்த்தி குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கும்: தீவின் நடுவில் தடிமனாக, கரையை நெருங்க நெருங்க மெலிந்து.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு பங்கு நின்றால், மட்டத்துக்குக் கீழே நாற்பது பங்கு இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், கணக்குப்படி அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் ஏறிவரும். பவளத்தின் ஓட்டைகள் வழியே ஓதமும் (கடலின் ஏற்ற இறக்கம்) நாள்தோறும் ஏறி இறங்கி இரண்டையும் கலக்கிவிடுவதால், நிஜத்தில் கிடைக்கும் நன்னீர் கணக்கைவிடக் குறைவு. தலைநகரான ஃபுனாஃபுட்டியில் மக்கள் வசிக்கும் முக்கியத் தீவு அகலமான இடத்திலேயே சுமார் 400 மீட்டர்தான். போதாக்குறைக்கு வீட்டுக் கழிவுத் தொட்டிகளின் கசிவும் அதே நிலத்தடி நீரில் போய்ச் சேர்கிறது. அதைக் குடிக்க முடியாது.

அதே வாசகி: அப்படியானால் எங்கள் வளவு வீட்டில் நாலு பக்கத் தாழ்வாரத் தண்ணீரையும் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதாதா?

அதைத்தான் செய்கிறார்கள், குடிநீரே அதுதான். ஃபுனாஃபுட்டியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் விழுவது 3 லட்சம் லிட்டர். சிந்தியது சிதறியது போக எண்பது சதவீதம் பிடித்தாலும் 2,40,000 லிட்டர். ஆறு பேர் கொண்ட வீட்டில் தலைக்கு 50 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 300. ஆண்டுக்கு 1,09,500 லிட்டர். மழை தாராளமாகப் போதும். போதாதது தொட்டி. பத்தாயிரம் லிட்டர் தொட்டி முழுதாக நிரம்பி இருந்தாலும் 33 நாளில் காலி. ஒன்றரை மாதம் வானம் பொய்த்தால் வீட்டில் சொட்டு இருக்காது.

2011-இல் அதுதான் நடந்தது. நடுப் பசிபிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகும் லா நினா காலத்தில் மாதக்கணக்கில் மழை குறைந்து, செப்டம்பர் கடைசியில் அவசரநிலை அறிவித்தார்கள். ஃபுனாஃபுட்டியில் வீட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்று ரேஷன் ஆனது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் அனுப்பின.

தொட்டி பெரிதாக இருந்தாலும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. கூரையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர்க் கால்வாய் வைத்தால் பாதி மழை வீண். உப்புக் காற்றில் ஆணியும் தகரமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரை மேல் படிந்த உப்பு, தூசு, பறவை எச்சம் எல்லாம் முதல் மழையோடு இறங்கும். சதுர மீட்டருக்கு அரை லிட்டர் கணக்கில், 100 சதுர மீட்டருக்கு முதல் 50 லிட்டரை வெளியே விட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும். தரைக்கடியில் கட்டிய சிமென்ட் தொட்டியில் விரிசல் விழுந்தால் கழிவுநீரும் உப்புநீரும் உள்ளே வரும். தரைக்கு மேல் வைத்த பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

கா.அ., காரைக்குடி (கல்லூரி மாணவர்): துவாலு உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறதா?

நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது என்று நினைக்கிறீர்கள். 1971 முதல் 2014 வரையிலான விமானப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. அதே காலத்தில் அங்கே கடல் மட்டம் உலகச் சராசரியைவிட வேகமாக உயர்ந்தது என்பதும் உண்மை. அலைகள் பவளத் திட்டிலிருந்து உடைந்த துண்டுகளையும் மணலையும் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன. ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் கொட்டுகின்றன.

இதைக் காட்டி ‘ஆபத்தே இல்லை’ என்று சிலர் வாதாடுவது தவறு. பரப்பு கூடலாம், உயரம் கூடவேண்டுமே! பெரும்பாலான நிலம் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது, கடல் கரை தாண்டி வராமலேயே தரைக்குள்ளிருந்து ஊற்றாகப் பொங்கும். பவளம் ஓட்டை என்பதால் சுவர் கட்டியும் இதைத் தடுக்கமுடியாது. புலாக்கா என்ற பெரிய சேம்பு வகைக் கிழங்கை, நன்னீர் எட்டும் வரை தோண்டிய குழிகளில் இலைதழை மக்கவைத்துப் பயிரிடுவார்கள். அந்தக் குழிக்குள் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு தீவு வாழ லாயக்கற்றுப் போவது இப்படித்தான்.

கொசுறுத் தகவல்: பவளத் தீவுகள் அமிழும் எரிமலைகளின் மேல் வளர்ந்தவை என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க 1896 முதல் 1898 வரை ஃபுனாஃபுட்டியில் துளை போட்டார்கள். 1,114 அடி போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை, பவளப் பாறைதான்.

சொ.ராம., தேவகோட்டை: இவ்வளவு சின்ன நாட்டில் ஆட்சி எப்படி? கட்சிச் சண்டை உண்டா?

கட்சியே கிடையாது. பிரிட்டனிடமிருந்து 1978 அக்டோபர் 1-இல் விடுதலை. இன்றும் பிரிட்டிஷ் மன்னரே நாட்டுத் தலைவர். அவர் சார்பில் ஒரு கவர்னர் ஜெனரல். எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு இருவர், ஆக 16 உறுப்பினர்கள். தீவுகள் ஒன்பது, மிகச் சிறிய நியுலாகிட்டா, நியுடாவோ தொகுதியோடு சேர்ந்துவிடும். உறுப்பினர்கள் கூடிப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2024 ஜனவரித் தேர்தலில் பிரதமர் கௌசியா நட்டானோ தம் தொகுதியிலேயே தோற்றார். வெளித்தீவு உறுப்பினர்கள் மோசமான வானிலையால் தலைநகருக்குப் படகில் வந்துசேர முடியாமல் பிரதமர் தேர்வு தள்ளிப்போனது. பிறகு ஃபெலெட்டி டியோ போட்டியின்றி வந்தார்.

ஒன்பது கோயில் பிரிவுகளாக உள்ள செட்டிநாட்டு நகரத்தாரில் ‘எந்தக் கோயில்?’ என்று கேட்பதுபோல அங்கே ‘எந்தத் தீவு?’ என்ற கேள்வி முக்கியம். ஒவ்வொரு தீவுக்கும் ஃபலேகௌபுலே என்ற பெரியவர்கள் சபை உண்டு. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உள்ளாட்சி அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது.

நா.மெ., புதுவயல்: கொப்பரையும் மீனும் விற்று ஒரு அரசாங்கம் நடத்த முடியுமா?

கொப்பரை இப்போது கணக்கிலேயே இல்லை. மீனையும் இவர்கள் பிடித்து விற்பதில்லை. பிடிக்கும் உரிமையை நாள் கணக்கில் விற்கிறார்கள். நிலம் 26 சதுர கிலோமீட்டர் என்றாலும் உரிமையுள்ள கடல் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். சூரை மீன் பிடிக்கும் சுருக்குவலைக் கப்பல் ஒரு நாள் அங்கே தொழில் செய்ய, குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டாலர். சூரை மீன் உரிமையைச் சேர்ந்து நிர்வகிக்கும் பசிபிக் தீவு நாடுகளான நவ்ரு ஒப்பந்த நாடுகள் எட்டும் ஒன்றுசேர்ந்து வைத்த விலை இது. தனித்தனியாகப் பேரம் பேசிய காலத்தில் கிடைத்தது சொற்பம். லா நினா, அதற்கு நேர்மாறாகக் கடல் சூடாகும் எல் நினோ, இவற்றைப் பொறுத்து மீன் கூட்டம் கிழக்கும் மேற்கும் நகரும் என்பதால் இந்த வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும்.

இரண்டாவது, இணைய முகவரி. நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறி ஒதுக்கியபோது துவாலுவுக்கு ‘டிவி’ விழுந்தது, அதிர்ஷ்டம்! உலகமெல்லாம் காணொளி நிறுவனங்கள் அதை வாங்குகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி அமெரிக்க டாலர் வருகிறது.

மூன்றாவதுதான் உங்களுக்குப் பிடிக்கும். 1987-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடுத்த பணத்தோடு தானும் கொஞ்சம் போட்டு, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஓர் அறக்கட்டளை நிதி தொடங்கியது துவாலு. முதலைத் தொடக்கூடாது. விலைவாசி ஏறினால் முதலின் மதிப்பையும் அதற்கேற்ப ஏற்றி வைத்து, அதற்கு மேல் மிஞ்சியது மட்டும் இரண்டாவது கணக்குக்குப் போகும். பட்ஜெட்டில் துண்டு விழும் ஆண்டில் அரசு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சந்தை சரிந்த ஆண்டுகளில் மிச்சமே இருக்காது. இரண்டாவது கணக்கில் முன்பே சேர்த்து வைத்ததுதான் அப்போது கைகொடுக்கும்.

அ.சி., பள்ளத்தூர்: மக்கள் எல்லாரும் ஆஸ்திரேலியா போய்விடுகிறார்களாமே?

ஆண்டுக்கு 280 பேர்தான், குலுக்கல் முறையில். இதற்கு வழிசெய்யும், ஆஸ்திரேலியாவோடு 2023 நவம்பரில் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள். நாட்டில் ஐந்தில் நாலு பேர். பதிந்தவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வேலை, படிப்பு என்று போய்த் திரும்பவும் வழி இருக்கிறது. பதிலுக்கு, துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். விலை கொஞ்சம் அதிகம் என்பது நம் கருத்து.

ஒரு வாசகர், கோட்டையூர்: போய்ப் பார்க்க வழி?

ஃபிஜி போய், அங்கிருந்து ஃபுனாஃபுட்டிக்கு விமானம். தினசரி சேவை கிடையாது. மழை, காற்றில் ரத்தாகும், முன்னும் பின்னும் நாலு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாவது ஆஸ்திரேலிய டாலர். முதல் ஏடிஎம் வந்ததே 2025 ஏப்ரலில்தான். அதை நம்பாமல் ரொக்கமாக எடுத்துப்போங்கள்.